அலமாரிக்கு இந்தப் பக்கம்

எரியுது. இன்னும் எரியத்தான் செய்யுது, சும்மா கிடந்து பதறாதே வடிவு, திரி முனையில கொஞ்சம் கரி கட்டியிருக்கு, அம்புட்டுதான், லேசாத் தூண்டி விட்டா சரியாப் போயிரும், ஆனா தூண்டப்படாது, கிட்டப் போகப்படாது, கை வைக்கப்படாது. அடுக்களை வாசப்படியில இப்படி உக்காந்துக்கிட்டு, சொந்த வீட்டுச் சாமியை யாரோ வீட்டு விசேஷத்தை எட்டிப் பாக்கிற மாதிரிப் பாத்துக்கிட்டு இருக்கேன். எல்லாம் இந்தக் கை பண்ணின வேலை. ராத்திரியே அவுக படிச்சுப் படிச்சுச் சொன்னாக. "வடிவு, நெல்லையப்ப அண்ணாச்சி போயிட்டாகளாம். நமக்குப் பங்காளித் தீட்டு. கருமாதி முடியிற வரைக்கும் விளக்கு கிடையாது, சாமி அலமாரியைத் தொடப்படாது, மறந்து கிறந்து போயிராதே." சரி சரின்னு தலையை ஆட்டினேன். விடியக்கருக்கல்ல அவுக அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறப் போயிட்டாக. நான் கதவைச் சாத்தினேன், குளிச்சேன், கொண்டையைப் போட்டேன், அலமாரியைத் திறந்தேன். கை அதுபாட்டுக்கு எண்ணெய் ஊத்துச்சு, திரியைப் போட்டுச்சு, தீக்குச்சியைக் கிழிச்சுச்சு. நேத்து வச்ச பிச்சிப்பூவைப் பித்தளை அம்மை தலையில இருந்து எடுக்கும்போதுதான் மண்டையில உறைச்சுச்சு. ஐயையோ. பூ பாதி என் கையில, பாதி அவ தோள்ல. அப்படியே போட்டுட்டுப் பின்னாலேயே நகந்து வந்துட்டேன். வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து காலையில செய்யுத காரியம், எந்த அண்ணாச்சி செத்தா என்ன, கைக்குத் தெரியுமா?

அந்த நேரம் பாத்துத்தான் மாப்பிள்ளை போன் பண்ணுதாரு. "அத்தை, ஆவுடைக்கு வலி எடுத்திருச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம், உள்ளே கூட்டிட்டுப் போயிட்டாங்க." தேதி இன்னும் இருக்கே மாப்பிள்ளைங்கேன். "முந்திருச்சு அத்தை. நீங்க பயப்படாதீங்க." பயப்படாதீங்கன்னு சொன்ன குரலே நடுங்குது. புனேயில இருக்கா எம் பிள்ளை. தலைப்பிரசவம் தாய் வீட்டுலன்னு ஊரெல்லாம் சொல்லும், இவளுக்கு எதுவும் அந்தப்படி நடக்கலை. ரயிலு ஏறப்படாது, மாடிப்படி ஏறப்படாதுன்னு டாக்டரம்மா கட்டிலோட கட்டிப் போட்டுட்டா. நான்தான் போறதா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட்டு. பேறுகால மருந்துப் பொடி, கிழிச்சு மடிச்ச பழைய வேட்டி, எலுமிச்சங்காய் ஊறுகாய், எல்லாம் பையில கட்டி வாசல்ல வச்சிருக்கேன். பிள்ளை நான் வரட்டும்னு நிக்கலை. சம்பந்தியம்மா கூட இருக்காக, தங்கமான மனுஷி, குறை சொல்ல நாக்கு அழுகிரும். இருந்தாலும் பெத்தவ நான் இங்க உக்காந்து விளக்கைக் காவல் காக்கேன். இது மூணாவது. மொதல்ல வந்தது தங்கலை. ரெண்டாவது முழுசா வளந்து, தலை நிறைய முடியோட வந்துச்சு. அழலை. நான் கதவுக்கு வெளிய காதைக் கொடுத்துக்கிட்டு நின்னேன். நர்ஸு செருப்புச் சத்தம் கேட்டுச்சு, தட்டு கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு, யாரோ தண்ணிக் குழாயைத் திறந்தாக, அது கேட்டுச்சு. பிள்ளைச் சத்தம் மட்டும் கேக்கலை. வேண்டாம். இப்போ எதுக்கு அது. வாயை மூடு, மனசே, வாயை மூடு.

இப்போ என்ன செய்யன்னு யாராவது சொல்லுங்களேன். விளக்கை அமத்திரலாம்னா அமத்த மனசு வருமா? பிள்ளை அங்க வலியில கிடக்கும்போது இங்க நானே கையால விளக்கைக் குளிர வைக்கவா? குளிர வைக்கணும்னாலும் கிட்டப் போகணும், தொடணும். சரி, கிடக்கட்டும்னு விட்டா எண்ணெய் தீந்து தானா அணையும். தானா அணைஞ்சா... அதைச் சொல்லவும் வேண்டாம். எண்ணெய் ஊத்தலாம்னா தீட்டு. தொட்டதுக்குப் பரிகாரமா அம்மையைக் கழுவி எடுக்கலாம்னா, கழுவுததுக்கு மறுபடி தொடணும். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுது. அலமாரிக் கதவையாவது சாத்தலாம்னா உள்ளே விளக்கு எரியுது, கதவுல தீப்பிடிச்சிரும். கோட்டிக்காரி மாதிரி உக்காந்திருக்கேன். அவுகளுக்குப் போன் போட்டுக் கேக்கலாம், கேட்டா என்ன சொல்லுவாகன்னு தெரியும். அவுக அம்மை செத்தப்போ நான் மறதியாத் தொட்டிருவேன்னு அலமாரிக் கைப்பிடி ரெண்டையும் சேத்து நூலால கட்டி முடிச்சுப் போட்ட ஆளு. அன்னைக்குச் சிரிச்சேன். இன்னைக்கும் அந்த நூலைக் கட்டிட்டுப் போயிருக்கலாம்ல இந்த மனுஷன், என்னை நம்பிட்டுப் போயிருக்காக.

அண்ணாச்சி, உங்களுக்கு வேற நாளே கிடைக்கலையா? இத்தனை வயசு இருந்தீக, இன்னும் ஒரு வாரம் இருந்தா என்ன குறைஞ்சிரும்? வீட்டுக்கு வந்தா ஒழுங்கா ஒரு வாய் சாப்பிட்டிருக்கீகளா, சாம்பார்ல உப்பு இல்லை, ரசத்துல புளி இல்லை, அப்பளம் ஏன் இப்படிக் கறுத்திருக்கு. செத்த மனுஷரைப் போயி வைதுக்கிட்டு இருக்கேன், தாயே, கணக்குல வச்சுக்கிடாதே. வையவும் முடியலை. அந்தப் புனே ஆஸ்பத்திரிக்கு, அந்த ரெண்டாவது தடவை, யார் வந்தா? கூடப் பிறந்ததெல்லாம் போன்லதான் அழுதுச்சு. அண்ணாச்சி வந்தாக. மும்பையில மகன் வீட்டுல இருந்தாகளாம், விஷயம் கேள்விப்பட்டு பஸ் பிடிச்சு வந்துட்டாக. கையில ஒரு பிளாஸ்க். ஒரு வார்த்தை கேக்கலை, ஆறுதல்னு ஒண்ணும் சொல்லலை, பெஞ்சியில பக்கத்துல உக்காந்து காப்பியை ஊத்தி நீட்டினாக. நான் குடிச்சேன். "சீனி கொஞ்சம் தூக்கல்"னு அவுகளாவே சொல்லிக்கிட்டாக. அன்னைக்கு அந்தக் காப்பி இல்லைன்னா நான் எழுந்து நடந்திருக்க மாட்டேன். நல்லா இருங்க அண்ணாச்சி, போற இடத்துல உப்பு சரியா இருக்கட்டும்.

இங்க இருந்து பாக்க எல்லாரும் ஒரு தினுசாத்தான் தெரியுதாக. பிள்ளையாரு தொந்தியில விளக்கு வெளிச்சம் வழுக்குது. அவருக்கு மூக்கு இல்லை, துதிக்கைன்னு ஒரு மேடு இருக்கு, அவ்வளவுதான், வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை புளி போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு நான்தான் கரைச்சிட்டேன். அம்மைக்கும் அதே கதி. எங்க அம்மா சீரா கொடுத்து விட்டப்போ கண்ணு மூக்கு முழி எல்லாம் எழுதின மாதிரி இருந்துச்சு. இப்போ முகம் வழவழன்னு கிடக்கு, அதுல சந்தனத்தை வச்சு நான்தான் அவளுக்குக் கண்ணு எழுதணும். மாப்பிள்ளையோட தம்பி இங்க வந்தப்போ சொன்னான், நல்ல பையன்தான், படிச்ச திமிரு கொஞ்சம், "சாமி எல்லா இடத்துலயும் இருக்கே அத்தை, அப்புறம் எதுக்கு இந்தப் பொம்மையெல்லாம்?" எல்லா இடத்துலயும் இருக்கிறவளை நான் எங்க போயிக் குளிப்பாட்டுவேன்? ஆகாசத்துக்கு எப்படிப் பூ வைக்க? எனக்குக் கைக்கு அடங்கணும். ஒரு சாண் இருந்தாப் போதும், இடுப்புல வச்சுத் தண்ணி ஊத்தணும், துணியால ஈரம் ஒத்தணும், முதுகுப் பக்கம் மஞ்சள் போயிருக்கான்னு திருப்பிப் பாக்கணும். இதை அவன்கிட்டச் சொல்ல எனக்கு அப்போ வாய் வரலை, இட்லி வேணுமான்னு கேட்டேன். ஆவுடை வீட்டுல மட்டும் என்னவாம், வாசல்ல செருப்பு ஸ்டாண்டு மேல ஒரு பிள்ளையாரு, கிதாரு வாசிக்காரு, தலையில தொப்பி வேற. இது என்னட்டி அநியாயம்னு கேட்டா, "சும்மா அழகுக்கும்மா"ங்கா. அழகுக்குன்னு சொன்னவதான் வேலைக்குப் போகும்போது அவரு தொப்பியைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனா, நான் பாத்தேன். பாத்துட்டு உள்ளே போயி அழுதேன், சந்தோஷத்துலதான்.

அலமாரி ஓரத்துல இருக்கானே, அந்தத் தவழுற பித்தளைப் பய, அவன்தான் என்னைப் படுத்தினது. உள்ளங்கை அகலம் இருப்பான், ஒரு கையில வெண்ணெய், ஒரு முட்டி தரையில. ஆவுடை கல்யாணம் ஆன புதுசுல பொருட்காட்சியில வாங்கிட்டு வந்தா, "எம்மா இவன் சிரிப்பைப் பாரேன்." ரெண்டாவதும் போன பொறவு இங்க வந்து ஒரு மாசம் கிடந்தா. ஒருநாள் அலமாரி முன்னால நின்னு, குரலே உசத்தாம, "எம்மா, அவனை உள்ளே எடுத்து வை. எனக்குப் பாக்க முடியலை"ன்னா. நான் ஏன் எதுக்குன்னு கேக்கலை. பழைய பட்டுச் சேலை மடிப்புக்குள்ள அவனை வச்சு பீரோவைப் பூட்டினேன். பூட்டும்போது கை கூசுச்சு. சாமி குத்தம் ஆயிருமோன்னு நடுக்கம் ஒரு பக்கம், பெத்த பிள்ளை முகம் ஒரு பக்கம். பிள்ளை முகம்தான் ஜெயிச்சுச்சு. ராத்திரி அம்மைகிட்டச் சொன்னேன், கோவிச்சுக்கிடாதே தாயீ, அவ உன்னை வெறுக்கலை, அவளுக்கு நெஞ்சு ஆறலை. அம்மை ஒண்ணும் சொல்லலை. அவ என்னைக்கு என்ன சொல்லியிருக்கா. ஆனா அந்த வழவழ மொகத்துல கோவம் இல்லை, அது எனக்குத் தெரியும், எப்படித் தெரியும்னு கேட்டா சொல்லத் தெரியாது. இந்தத் தடவை நாள் தள்ளிப்போயி, டாக்டரம்மா நெஞ்சுத் துடிப்பைக் காட்டின அன்னைக்கு, ஆவுடையே போன் பண்ணினா. மத்ததெல்லாம் பேசி முடிச்சு, வைக்கப் போகும்போது, "எம்மா, அந்தப் பயலை வெளிய எடுத்து வை, பீரோக்குள்ள மூச்சு முட்டும்"னா. நான் ஓடின ஓட்டத்துல சாவி எங்கன்னு தெரியாம வீட்டையே புரட்டினேன். என் திண்டாட்டத்தைப் பாத்துட்டு அவுக, "பித்தளைக்கு மூச்சு முட்டுதாம், ரெண்டு பேரும் நல்லா இருக்கீக"ன்னு கேலி பண்ணினாக. அவுக சாமிகிட்டப் பேச மாட்டாக. குளிச்சு, பட்டை போட்டு, பதிகத்தைக் கரண்டு பில்லு படிக்கிற வேகத்துல படிச்சு முடிச்சுட்டு நகந்திருவாக. "என்ன, இன்னைக்கு அம்மை பதில் சொன்னாளா?"ன்னு என்னைச் சீண்டுததோட சரி.

ஐயோ, சாயுது. சுடர் ஒரு பக்கமாச் சாயுது, காத்து இல்லை, காத்தாடி போடலை, எண்ணெய்தான் அடியில போயிருச்சு. போன் ஏன் அடிக்கலை. நான் அடிச்சா எடுக்கலை. சம்பந்தியம்மாவும் எடுக்கலை. எடுக்கலைன்னா என்ன அர்த்தம். உள்ளே போன் கொண்டு போக விட மாட்டாக, அதுதான், வேற ஒண்ணும் இருக்காது. அன்னைக்கும் இப்படித்தான் யாரும் எடுக்காம... சீ. திரி எண்ணெய் இல்லாம உறிஞ்சுத சத்தம் எனக்கு இங்க கேக்குது. நீளக் கரண்டி! வடை பொரிக்கிற சாரணி இருக்குல்லா, அதுல எண்ணெயை மோந்து எட்டி ஊத்தினா தொட்டது ஆகாது. கை படலை, முந்தானை படலை. ஓடிப் போயி எடுத்தேன். சாரணியில ஓட்டை இருக்குடி மூதி, எண்ணெய் எங்க நிக்கும். குழிக்கரண்டி எடுத்தேன். எண்ணெயை ஊத்தி, வாசப்படியில நின்னு, கையை நீட்டி, முதுகை வளைச்சு, பாதி எண்ணெய் தரையில. அப்படியே நின்னேன். எனக்கே அசிங்கமாப் போச்சு. தாய்க்கு யாராவது ஒட்டடைக் கம்புல சோறு ஊட்டுவாகளா? எவ்வளவு நாளு மடியில வச்சுக் குளிப்பாட்டியிருக்கேன், இன்னைக்குத் தள்ளி நின்னு கரண்டியை நீட்டுதேன், அவ என்ன நாயா பேயா.

ஆவுடை பிறந்த அன்னைக்கு என்ன நடந்துச்சு, நினைச்சுப் பாரு. ரத்தமும் நீரும் அழுக்குமா வந்து விழுந்தா. அப்படியே தூக்கி என் நெஞ்சுமேல போட்டாக. எனக்கும் தீட்டு, அவளுக்கும் தீட்டு, அந்த ரூமுல நின்ன அத்தனை பேருக்கும் தீட்டு. குளிச்சிட்டு வந்து தொடுன்னு யாராவது சொன்னாகளா? நான்தான் கேட்டேனா? வழுக்கி வழுக்கி விழப் போச்சு, இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன், அவ வீர்வீர்னு அழுதா, நான் சிரிச்சேன். நீயும் தாய்தானே. ஊருக்கெல்லாம் தாய்ங்காகளே, உலகத்தையே பெத்தவங்காகளே, பெத்தவளுக்குத் தெரியாத தீட்டா? நான் அழுக்கா இருந்தா நீ என்னை நெஞ்சுல போட்டுக்கிட மாட்டியா? கோவம்னா என்மேல வை. என் தலையில போடு. அங்க கிடக்கிற பிள்ளைமேல வைக்காதே, இனிமேப் பிறக்கப் போறது மேல வைக்காதே. கரண்டியைக் கீழ வச்சேன். போனேன். பாட்டிலை எடுத்து அகல் நிறைய ஊத்தினேன், வழிய வழிய ஊத்தினேன். திரியைக் கையாலயே தூண்டினேன், விரல் சுட்டுச்சு, சுடட்டும். தோள்ல தொங்கின பூவை எடுத்தேன். எடுத்த கையோட அவ மொகத்தை ஒரு தடவை துடைச்சு விட்டேன், ஆவுடைக்குச் சின்னதுல சோறு ஊட்டிட்டுத் துடைப்பேனே அப்படி. பித்தளை சூடா இருந்துச்சு. விளக்குச் சூடுதான், எனக்குத் தெரியாதா. இருந்தாலும் சூடா இருந்துச்சு. அங்கேயே, அலமாரிக்கு முன்னாலேயே தரையில உக்காந்துட்டேன். எவ்வளவு வருஷம் ஆச்சு இவகிட்ட ஒண்ணும் கேக்காம சும்மா உக்காந்து. எப்பவும் அதைக் கொடு இதைக் கொடுன்னுதானே. நீ இங்க இருக்கியே, அதுக்கு ஒருநாளாவது நல்லா இருன்னு சொல்லியிருக்கேனா. யாரும் இல்லாத வீட்டுல நான் தனியா இல்லையே, உன்னால. இந்த வாயாடிக்கு இத்தனை வருஷம் காது கொடுத்தியே. நல்லா இரு தாயீ.

போன். எண்ணெய்க் கையில வழுக்குது, முந்தானையில துடைச்சு, பச்சையை அமுக்கினா அமுங்க மாட்டேங்குது, மறுபடி துடைச்சு. "மாப்பிள்ளை?" அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மூச்சு மட்டும் கேக்குது. எனக்கு அந்தப் பழைய கதவு முன்னால நிக்க மாதிரி ஆகிப் போச்சு. "மாப்பிள்ளை, என்னய்யா, சொல்லுங்கய்யா." "அத்தை, இருங்க, இருங்க, கேளுங்க." பொறவு ஒரு சத்தம். வீர்னு. ஊரைக் கூட்டுத சத்தம், தொண்டை கிழியுத சத்தம், யாரோ அதைப் போட்டு அடிக்கிற மாதிரி ஒரு ஓலம். மாப்பிள்ளை ஏதோ சொல்லுதாரு, பொம்பளைப் பிள்ளைங்காரு, ஆவுடை நல்லா இருக்காங்காரு, முழிச்சிருக்கா உங்களைக் கேட்டாங்காரு, எல்லாம் காதுல விழுது, ஆனா நான் அந்த ஓலத்தைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன். "அழட்டும் மாப்பிள்ளை, சமாதானம் பண்ணாதீக, இன்னும் கொஞ்சம் அழட்டும்"னேன். சம்பந்தியம்மா பக்கத்துல இருந்து சிரிக்காக, அவுகளும் அழுதுக்கிட்டேதான் சிரிக்காக. போனை வச்ச பொறவும் அந்தச் சத்தம் அடுக்களைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு. சோறு வைக்கணும், அவுக வந்தா பசிக்கும், அரிசியைக் களையாம உலையில போட்டுட்டுத் திருப்பி எடுத்தேன். கோட்டிதான் பிடிச்சிருச்சு எனக்கு.

கொல்லைக் கதவு சத்தம். அவுக வந்துட்டாக. எழவு வீட்டுல இருந்து வந்தா வாசல் வழியா வர மாட்டாக, சுத்திக் கொல்லை வழியா வந்து, குழாயடியில குளிச்சிட்டுத்தான் உள்ளே கால் வைப்பாக, ஆத்துல முங்கிட்டு வந்திருந்தாலும். தண்ணி ஊத்துத சத்தம் கேக்குது. நான் கதவுகிட்டப் போயி நின்னேன். தலையில ஊத்தினபடியே, "அண்ணாச்சி முகம் அப்படியே இருந்துச்சு வடிவு, தூங்குத மாதிரி"ன்னாக. "ஆவுடைக்குப் பிள்ளை பிறந்திருச்சு"ன்னேன். செம்பு அப்படியே நின்னு போச்சு. "என்னது? எப்போ? தேதி..." "பொம்பளைப் பிள்ளை. ஆவுடை சொகமா இருக்கா." அவுக என்னைப் பாத்தாக. கேக்க வேண்டியது அவுகளுக்கு வாயில வரலை, எனக்குத் தெரியும் எதைக் கேக்காகன்னு. "அழுதுச்சு. போன்ல கேட்டேன், தெருவே கேட்டிருக்கும்"னேன். துவைக்கிற கல்லுல உக்காந்துட்டாக. தலையில இருந்து தண்ணி வடியுது, துடைக்கலை. பொறவு நிமிந்து, "அம்மைகிட்டச் சொல்லிட்டியா?"ன்னாக.

கேலி இல்லை, நிசமாத்தான் கேட்டாக. "நீங்களே சொல்லுங்க"ன்னேன். ஈர வேட்டியோட உள்ளே வந்தாக. விளக்கைப் பாத்தாக. தீட்டு வீட்டுல அகல் நிறைய எண்ணெயோட நின்னு எரியுது, தரையில வேற எண்ணெய் சிந்திக் கிடக்கு, குழிக்கரண்டி ஒரு ஓரத்துல. என்னைத் திரும்பிப் பாத்தாக. திட்டு வாங்கத் தயாரா நான் முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவுக ஒரு எட்டு தள்ளியே நின்னு, கையைக் கூப்பாம, காது மந்தமான பெரியவங்ககிட்டச் சொல்லுத மாதிரிக் கொஞ்சம் குனிஞ்சு, தொண்டையைச் செருமினாக. "தாயே, நம்ம ஆவுடைக்குப் பொம்பளைப் பிள்ளை. ரெண்டு பேரும் சொகம்"னாக. அதோட முடிச்சிருவாகன்னு நினைச்சேன். முடிக்கலை. உதடு கோணிப் போச்சு. "அழுதுச்சாம் தாயே, நல்லாச் சத்தம் போட்டு அழுதுச்சாம்"னு சொல்லிக்கிட்டே இவுகளும் அழ ஆரம்பிச்சுட்டாக.